பத்துப் பவுண்டு வில்

பள்ளிக் காலணியை ஓர் அளவு பெரிதாகவே வாங்குவோம். சீருடையும் அப்படித்தான். "வளர்ற பிள்ளைதானே!" குழந்தைக்கு வில் வாங்க வருகிறவர்களும் இதே பேச்சோடுதான் வருகிறார்கள். சிங்கப்பூரில் ஒரு வில்வித்தைக் கூடத்தில் கருவிகளையும் சிறுவர் வகுப்பையும் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பேச்சுக்கு மறுபேச்சு சொல்வதே என் வேலையில் பாதி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மறுக்கத் தெரியாது. ஓர் அப்பா தன் எட்டு வயது மகனுக்கு, இழுக்க 20 பவுண்டு விசை தேவைப்படும் வில் கேட்டார். "கொஞ்ச நாள்ல பழகிடுவான் தம்பி" என்றார். பையனின் கண்ணும் அந்த வில்லின் மேலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். பிறகு வாரா வாரம் அவனைப் பார்த்தேன். நாணை இழுக்க வயிற்றை முன்னால் தள்ளுவான். வில் பிடித்த தோள் காது வரை ஏறும். நாண் தாடையைத் தொடுமுன் விரல் விட்டுவிடும். முழங்கையின் உட்புறம் நாண் அறைந்து நீலமாகக் கன்றியிருந்தது. நான்காவது வாரம், விடுமுன்பே கண்ணை இறுக மூட ஆரம்பித்தான். ஆறாவது வாரம் வரவில்லை. வில்லில் பழுதில்லை, அவனிடமும் குறையில்லை. தவறு என்னுடையது. அந்தக் கன்றிய கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எங்கே தவறினேன் என்பது பின்னால்தான் புரிந்தது. வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு, பெரும்பாலும் நாண் வில்லிலிருந்து 28 அங்குலத் தூரத்துக்கு வரும்வரை இழுக்கத் தேவைப்படும் விசை. சிறுவர் வில்களில் சிலவற்றை அதைவிடக் குறைந்த நீளத்தில் அளந்து எழுதுவார்கள். நான் கொடுத்தது அப்படிப்பட்ட குட்டை வில். அவன் கை எட்டும் தூரத்திலேயே 20ஐத் தொட்டுவிட்டது. எண்ணைப் பார்த்த நான், அது எத்தனை அங்குலத்தில் அளந்த எண் என்று பார்க்கவில்லை.

அதிலிருந்து எழுதியிருப்பதை நம்புவதில்லை. குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி இரு கைகளையும் விரிக்கச் சொல்வேன். விரல் நுனி முதல் விரல் நுனி வரை உள்ள நீளத்தை இரண்டரையால் வகுத்தால், அந்தக் குழந்தை நாணை எவ்வளவு இழுக்கும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். 120 சென்டிமீட்டர் கை விரிப்புக்கு 48 சென்டிமீட்டர், அதாவது சுமார் 19 அங்குலம். பிறகு, ஊருக்குப் போகும்போது பெட்டியை நிறுக்கும் கொக்கித் தராசு இருக்கிறதே, அதை நாணின் நடுவில் மாட்டி அந்த 19 அங்குலம் வரை இழுப்பேன். நாலரைக் கிலோ காட்டினால் 10 பவுண்டு. ஆறேழு வயதுக்கு அதற்கு மேல் நான் கொடுப்பதில்லை. எட்டுப் பவுண்டானாலும் எனக்குச் சந்தோஷமே.

கடைசி முடிவு தராசுடையது இல்லை. நாணை மெல்ல இழுத்து, தாடையோரம் நிறுத்தி, ஐந்து எண்ணி, விடாமல் அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்வேன். தோள் ஏறாமல், முதுகு வளையாமல், பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிக்கொண்டே இதைச் செய்ய முடிந்தால் அது அந்தக் குழந்தையின் வில். அம்பில்லாத நாணை மட்டும் விடவே கூடாது. அம்பு சுமந்து போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி, மரம் விரிசல் விடும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலை, தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பேத்தியோடு ஒரு தாத்தா வந்தார். குறி பார்க்கும் கருவியெல்லாம் மாட்டிய நவீன வில் வேண்டாம், மரபு வில்தான் வேண்டும் என்றார். ராசிபுரம் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்துக் கொல்லிமலையில், அதை ஆண்ட சங்ககால மன்னன் ஓரிக்கு ஆடி மாதம் விழா நடக்கும், வில்வித்தைப் போட்டியும் உண்டு. வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததைப் புறநானூறு சொல்கிறது. அதை அவர் பேத்திக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறார்.

"அந்த ஊர்க்காரங்க நாங்க. எங்களுக்குப் பத்துப் பவுண்டா தம்பி?"

"ஐயா, உடும்பு வரைக்கும் போகணும்னா முதல்ல அம்பு நேராப் போகணும்" என்றேன். அவர் சிரித்தார். ஆனாலும் பார்வை 20 பவுண்டு வில்லை விட்டு நகரவில்லை. அதை அவர் கையிலேயே கொடுத்து, இழுத்து நிறுத்தி இருபது எண்ணச் சொன்னேன். பதினான்கில் கை நடுங்கியது. பேத்தியைப் பார்த்தார். வில்லைத் திருப்பிக் கொடுத்தார்.

அவளுக்குப் பிரம்பு வில் ஒன்றை எடுத்தேன். முதல் வில்லுக்குப் பிரம்பைவிட நல்ல மரம் எனக்குத் தெரியாது. மூங்கிலைப் போல உள்ளே குழல் கிடையாது, முழுக்க நார். வளையுமே தவிர எளிதில் முறியாது. நாளாவட்டத்தில் சற்று வளைந்தே நின்றுவிடும், அவ்வளவுதான். "பிரம்புன்னா அந்தக் காலத்துல வாத்தியார் கையில பார்த்ததுதான்" என்று தாத்தா அதைத் தடவிப் பார்த்தார். இந்த வில்லில் இடக்கை வில், வலக்கை வில் என்ற பிரிவு கிடையாது. அது எனக்கு முக்கியமாகப் பட்டது. இரு கைகளையும் சேர்த்துச் சிறு முக்கோணமாக்கி அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னபோது, வலக்கையால் எழுதும் அந்தப் பிள்ளைக்குக் குறி பார்ப்பதில் இடக்கண்தான் முந்தியது. எந்தக் கையில் வில்லைப் பிடிப்பது என்பதை அவளே பழகி முடிவு செய்யட்டும் என்று விட்டேன்.

அம்பு இழுக்கும் அளவைவிட இரண்டு மூன்று அங்குலமாவது நீளமாக இருக்கட்டும். ஆர்வத்தில் கூடுதலாக இழுத்துவிட்டால் நுனி வில்லுக்கு உள்ளே வந்து கையில் குத்தக்கூடாது. இறகும் உண்மையான இறகாகவே இருக்க வேண்டும். மரபு வில்லில் அம்பு கையை உரசித்தான் போகும். இறகு மடங்கிக்கொடுக்கும், பிளாஸ்டிக் தட்டிவிட்டு அம்பைத் திசை திருப்பும். கைக்காப்பும் விரலுக்குத் தோலும் கண்டிப்பாக உண்டு.

நம் ஊர் ஈரப்பதத்தைப் பற்றியும் தாத்தாவிடம் சொன்னேன். பழகி முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். மூலையில் சாய்த்து வைக்காமல் ஆணியில் படுக்கையாக வைப்பது நல்லது. வெயிலில் நிற்கும் கார் வேண்டவே வேண்டாம், அடுக்குகளை ஒட்டிச் செய்த வில்லாக இருந்தால் பசையே இளகிவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்திலோ பூங்காவிலோ ஓர் அம்புகூட விடக்கூடாது, கூடத்தில் மட்டும்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு நாண் ஏற்றி இறக்குவதை இரண்டு முறை தானே செய்து காட்டினார்.

ஐந்து மீட்டரில் இலக்கு வைத்தேன். முதல் அம்பு தரையில் விழுந்தது, இரண்டாவதும் அப்படியே. "இன்னும் கொஞ்சம் இழும்மா" என்று தாத்தா எழுந்தார். நான் கையமர்த்தினேன். மூன்றாவது அம்புக்கு அவள் அவசரப்படவில்லை. தோள் கீழேயே இருந்தது. நாண் தாடையைத் தொட்டு நின்றது. அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், ஐந்து வரை எண்ணிக்கொண்டிருந்தாள். அம்பு இலக்கின் ஓரத்தில், விழுந்துவிடுமோ என்பது போலத் தொங்கியது.

தாத்தா கைதட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த அம்பை எடுத்து நாணில் பொருத்திக்கொண்டிருந்தாள்.