தெக்கோமா பூத்துவிட்டது

தைப்பூசம் முடிந்ததிலிருந்து மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் சுள்ளென்று வெயில். முந்தாநாள்தான் ஒரு மழை. இன்று காலை பசியாறப் போகும்போது பார்த்தால், எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் இலை கொட்டி மொட்டையாய் நின்ற தெக்கோமா மரம் முழுக்க இளஞ்சிவப்பு! வறட்சிக்குப் பின் மழை விழுந்தால் இப்படித்தான், ஒரேயடியாகப் பூக்கும். கீழே கிடந்த ஒன்றை எடுத்தேன். புனல் மாதிரி, விளிம்பு கசங்கிய பட்டுத்துணி, தொண்டைக்குள் மஞ்சள். உள்ளே ஓர் எறும்பு.

அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். 30 வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். "ரப்பர் பூவைப் பாத்திருக்கியாப்பா?" என்றார். மாசியில் இலையுதிர்ந்து செம்பு நிறத்தில் தளிர் விடும்போது கூடவே பூக்குமாம். வெளிர் மஞ்சள், இத்தனூண்டு, இதழே கிடையாது. ஆனால் விடியற்காலை இருட்டில் ரப்பர் காட்டுக்குள் நுழைந்தால் அந்த வாசனைதான் முதலில் வருமாம். பால் குறைந்து கையில் காசும் குறையும் மாதம் அது. அதையும் சொன்னார்.

அந்தத் தோட்டம் இப்போது செம்பனையாகி (எண்ணெய்ப்பனை) விட்டது. கோயிலுக்குப் பின்னால் நாலைந்து ரப்பர் மரம் மிச்சம். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. நாளை அம்மாவை முதலில் கோயில் பின்பக்கம் கூட்டிப் போகிறேன்.