யாஹிட்னே பள்ளியின் நிலவறைக் கதவு

உக்ரைன் போர் தொடங்கியபோது நம் செய்தித்தாள்களில் கீவ், கார்கிவ், மரியுபோல் என்று நகரங்களின் பெயர்களே அடிபட்டன. நம் மருத்துவ மாணவர்கள் ஊர் வந்து சேர்ந்ததும் அந்தச் செய்திகளும் உள்பக்கத்துக்குப் போய்விட்டன. அதே 2022 மார்ச்சில், செர்னிஹிவ் நகருக்குத் தெற்கே, நானூறு பேர் அளவிலான யாஹிட்னே என்னும் சிற்றூருக்கு நேர்ந்ததைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசவில்லை.

அந்த ஊரை யாரும் ஆசைப்பட்டுப் பிடிக்கவில்லை. செர்னிஹிவை வளைக்க வந்த ரஷ்யப் படைக்குக் கீவ் நெடுஞ்சாலை தேவைப்பட்டது. ஊர் அந்தச் சாலையோரம் இருந்தது, அவ்வளவுதான். மார்ச் 3 அன்று நுழைந்தவர்கள் பள்ளிக்கூடத்தைத் தங்கள் தலைமையிடமாக்கிக்கொண்டு, ஊராரை வீடுகளிலிருந்து வெளியேற்றி, அதே கட்டடத்தின் நிலவறைக்குள் அடைத்தார்கள். மேலே படை, கீழே குழந்தைகளும் கிழவிகளும் என்று வைத்துவிட்டால், எதிர்த்தரப்புப் பீரங்கி அந்தக் கட்டடத்தை எப்படிக் குறிவைக்கும்? மனிதர்களைக் கேடயமாக்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஒன்றரை மாதக் கைக்குழந்தையிலிருந்து தொண்ணூறு கடந்த முதியவர்வரை, 350-க்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ நான்கு வாரங்கள் அங்கே கிடந்தார்கள். இடமோ மொத்தமாக 200 சதுர மீட்டர்கூட இல்லை. வியாசர்பாடியில் நான் வளர்ந்த 240 சதுர அடி வாரிய வீட்டை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன்: அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் 40 பேர். காலை நீட்ட இடமின்றி உட்கார்ந்தபடியே உறங்கினார்கள். கழிப்பிடம் என்பது வாளிதான். காற்றோட்டமில்லாத அந்த இருட்டில் முதியவர்கள் நினைவு தடுமாறிப் பிதற்றத் தொடங்கி, பிறகு ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். சடலத்தை உடனே வெளியே எடுக்க அனுமதி கிடைக்காத வேளைகளில், உயிரோடிருப்பவர்கள் அதன் அருகிலேயே இருக்க வேண்டியிருந்தது. ஒருமுறை இடுகாட்டுக்குக் கொண்டுபோனவர்கள்மீது குண்டு விழுந்து, அவர்களும் காயப்பட்டுத் திரும்பினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர்கள் எழுதினார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கதவின்மேல் கையால் ஒரு நாள்காட்டி. கதவுக்கு இடப்புறச் சுவரில் படையினர் கொன்றவர்களின் பெயர்கள். வலப்புறத்தில் நிலவறையிலேயே உயிர்விட்டவர்களின் பெயர்கள். கைபேசிகளையெல்லாம் பறித்துவிட்ட படைக்கு, சுவரில் கிறுக்கியது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை போலும். மார்ச் மாத இறுதியில் அந்தப் படை விலகிப்போன பின், உள்ளே வந்த உலகம் முதலில் படித்தது அந்தச் சுவரைத்தான். 2024-இல் செர்னிஹிவ் நீதிமன்றம் 15 ரஷ்யப் படையினரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. பதினைந்து பேரில் ஒருவரும் கூண்டில் நிற்கவில்லை. ஆனாலும் தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது.

பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த எங்கள் பகுதியில், "ஜப்பான்காரன் காலத்துல" என்று தொடங்கும் பேச்சைக் கேட்டே வளர்ந்தோம். 1942, 1943-இல் ஜப்பானியப் படை போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அங்கே இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பட்டியல்கூடக் கிடையாது. எங்கள் பாட்டியின் அண்ணனும் அந்த வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களில் ஒருவர். யாஹிட்னேயில் கையில் கிடைத்ததை வைத்து யாரோ செய்த வேலையை எங்கள் தலைமுறையில் ஒருவரும் செய்யவில்லையே என்ற ஆதங்கத்தில், தெரு முதியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் பெயர்களை எழுதத் தொடங்கியிருக்கிறேன். வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படி யாரையாவது சொல்லியிருந்தால், பெயர், சொந்த ஊர், கடைசியாக எங்கே பார்த்தார்கள் என்பவற்றை எனக்கு எழுதுங்கள். பெயர் மட்டும் தெரிந்திருந்தாலும் போதும்.