'சத்தம் வருது' என்றால் எந்தச் சத்தம்?

"மைக்கில சத்தம் வருதுங்க" என்று விழாக் கமிட்டிக்காரர் ஓடி வந்து சொன்னால், ஆபரேட்டருக்கு அதில் உதவும் தகவல் ஒன்றும் இல்லை. மைக்கில் சத்தம் வரத்தான் வேண்டும். அவர் சொல்ல வருவது, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் அழையாமல் ஏதோ ஒன்று நுழைந்துவிட்டது என்பதை. பாடப்புத்தகத்தில் அதற்குக் குறுக்கீடு என்று பெயர். மைக் செட் தொழிலில் அந்தச் சொல் புழங்குவதில்லை. ஹம் அடிக்குது, கிர்ருங்குது, கரகரங்குது, டட்டட்டுனு வெட்டுது, கூவுது என்பதுதான் பேச்சு. வெளியாளுக்கு எல்லாம் ஒன்றுபோலக் கேட்கலாம். காது பழகியவர் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் சொல்ல மாட்டார். சொல் மாறினால் போய்ப் பார்க்க வேண்டிய இடமும் மாறிவிடும்.

கூவலை முதலில் தள்ளிவிடலாம். அது வெளியிலிருந்து வந்ததே இல்லை. ஸ்பீக்கரில் போன சத்தம் மைக்குக்குள் திரும்பி, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே போய்ச் சுற்றுகிறது. எல்லா மைக்கும் வந்து சேரும் மிக்ஸரில், சத்தத்தை ஏற்றி இறக்கும் பிடியான ஃபேடரை இறக்கினால் உடனே அடங்கும். ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் நகர்த்தி, பேசுபவரை மைக்கை நெருங்கி நிற்கச் சொன்னாலே பாதி தீர்ந்துவிடும்.

ஹம் வேறு ரகம். யாரும் பேசாதபோதும் 'ம்ம்ம்' என்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50-ம் அதன் மடங்குகளான 100, 150, 200-ம் சேர்ந்துதான் ஹம். பெரும்பாலும் இது எர்த் வளையத்தில் பிறக்கிறது. மிக்ஸர் மண்டபத்தின் பின்பக்கம் ஒரு பிளக்கில் இருக்கும்; ஆம்ப்ளிஃபையர் மேடைக்குப் பக்கத்தில் இன்னொரு பிளக்கில் இருக்கும். இரண்டுக்கும் எர்த் உண்டு. இரண்டையும் இணைக்கும் ஆடியோ கேபிளின் ஷீல்டும் (உள்கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக வலை) எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆக, ஒரு முழு வளையம் ஆகிவிட்டது. இரண்டு எர்த்துக்கும் இடையில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் ஷீல்டு வழியே மின்னோட்டம் ஓடும். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை மிக்ஸர் 100 முதல் 1000 மடங்கு வரை பெருக்குகிறது. கூட வந்த ஹம்மையும் அதே கணக்கில்தான் பெருக்கும்.

இதற்கு வைத்தியம் எளிது, ஆனால் சோம்பல் விடாது. மிக்ஸர், ஆம்ப்ளிஃபையர், மேடையில் இருக்கும் கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும். மிக்ஸர் 30 மீட்டர் தள்ளி இருந்தாலும் மேடையிலிருந்தே ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கொண்டு போவது நல்லது. பக்கத்துச் சுவரில் பிளக் சும்மா இருக்கிறதே என்று செருகுவதில்தான் வினை தொடங்கும். எல்லாம் சரியாக இருந்து, வீடியோக்காரர் தன் கேமராவுக்கு மிக்ஸரிலிருந்து ஒரு லைன் வாங்கிச் செருகியதும் ஹம் ஏறினால், வளையத்தை மூடியது அவர் பிளக். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அந்த லைனில் ஒரு 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வைத்தால் பேச்சும் பாட்டும் தாண்டிப் போகும், எர்த் தாண்டாது. இந்தப் பெட்டிகள் குறைந்தது இரண்டு உங்கள் பையில் இருக்கட்டும். வீடியோ இல்லாத கல்யாணம் இப்போது எங்கே இருக்கிறது?

பையன்கள் செய்யும் குறுக்கு வழி ஒன்று உண்டு: பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுவது, அல்லது 2 பின் பிளக் மாட்டுவது. வளையம் அறுந்து ஹம் நின்றுபோகும், அதனால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் அந்த ஆம்ப்ளிஃபையருக்குள் ஃபேஸ் ஒயர் என்றைக்காவது அதன் உலோக உடம்பைத் தொட்டால், கரண்ட் பூமிக்குப் போக வழி இல்லை. ஒரு கையில் கிட்டார், உதட்டில் மைக் என்று நிற்பவர்தான் அதற்கு வழி. 1972-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஆடியோ லைனின் எர்த்தை டிஐ பாக்ஸில் (வாத்தியத்தின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) இருக்கும் சுவிட்சால் விலக்கலாம். மெயின் கரண்டின் எர்த்தை ஒருபோதும் விலக்கக் கூடாது. கச்சேரி போர்டில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போட்டுவைப்பது, ஸ்பீக்கருக்குச் செய்யும் எந்தச் செலவையும்விட உருப்படியானது.

'ம்ம்' என்று வழவழப்பாக இல்லாமல் 'கிர்ர்' என்று முனையோடு வந்தால் பார்வை லைட்டுக்குப் போக வேண்டும். டிம்மர், ஃபேன் ரெகுலேட்டர், மலிவான சீரியல் செட், எல்இடி வால் (திரைச் சுவர்) சப்ளை எல்லாம் கரண்ட் அலையை வெட்டி வெட்டித்தான் வேலை செய்கின்றன. டிம்மரை யாராவது திருப்பும்போது சத்தத்தின் குணமும் மாறினால் சந்தேகமே வேண்டாம். லைட்டுக்கு ஒரு ஃபேஸ், சவுண்டுக்கு ஒரு ஃபேஸ் எனப் பிரித்துவிடுங்கள். மைக் கேபிளையும் கரண்ட் ஒயரையும் ஒரே கட்டாக டேப் போட்டுக் கட்டி இழுக்காதீர்கள். பக்கத்தில் ஓடித்தான் ஆக வேண்டுமென்றால் ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். குறுக்கே தாண்டினால் நேர் செங்குத்தாகத் தாண்ட வேண்டும். எந்த லைட்டை அணைத்தாலும் கிர்ர் மாறவில்லை, ஆம்ப்ளிஃபையரின் இன்புட்டைக் கழற்றினாலும் அப்படியே இருக்கிறது என்றால், உள்ளே ஃபில்டர் கண்டென்ஸர் காய்ந்துவிட்டது. அது பட்டறை வேலை, மேடை வேலை இல்லை.

லேப்டாப்பில் பாட்டு போடும்போது 'சுய்ய்' என்று மெலிதாக இழுத்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் பேட்டரியில் ஓட்டலாம், அல்லது டிஐ பாக்ஸ் வழியே கொடுக்கலாம்.

சினிமாப் பாட்டுக் கச்சேரியில் ட்ரம்ஸ் சின்ன ஹம்மை விழுங்கிவிடும். கர்நாடகக் கச்சேரியில் ஒளிய இடமில்லை. ஆலாபனை நடுவே பாடகர் மூச்சு விடும் இடத்தில் தம்பூராவுக்கு அடியில் ஹம் கேட்கும். கேட்பது மட்டுமா, சுருதியோடும் உரசும். 5 கட்டை சுருதியில் பாடுபவரின் மத்திய ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். ஹம்மின் நான்காம் மடங்கு 200. இரண்டும் மோதினால் நொடிக்கு 4 முறை என்ற கணக்கில் அலை அலையாக ஒரு நடுக்கம் எழும். 1 கட்டையில் பாடுபவரும் தப்ப முடியாது. அவருடைய பஞ்சமம் விழுவது கிட்டத்தட்ட அதே 196-இல்தான். "சுருதி சேரலையே" என்று வித்வான் தம்பூராவைத் திரும்பத் திரும்ப முறுக்கினால், ஒரு முறை எல்லா ஃபேடரையும் இறக்கிக் கேட்டுவிடுவது ஆபரேட்டரின் கடமை.

அந்த மேடையில் ஹம் நுழையும் வழிகள் இரண்டு. ஒன்று, எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியின் அடாப்டர். லைன் எடுத்திருந்தால் அதன் வழியாகவே வரும். அதைப் பேட்டரியில் ஓட்டினால் தெரிந்துவிடும். இன்னொன்று வீணையின் காண்டாக்ட் மைக். அதிர்வைச் சிக்னலாக மாற்றும் அந்தப் பீஸோ வில்லை மிக உயர்ந்த இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கான தடை) கொண்டது. அதை நேராக மிக்ஸரின் மைக் இன்புட்டில் கொடுத்தால் கீழ்ச் சத்தம் ஒல்லியாகி, ஹம் தடித்து நிற்கும். 1 மெகாஓம் அல்லது அதற்கு மேல் இன்புட் இம்பீடன்ஸ் உள்ள டிஐ பாக்ஸை வீணைக்குப் பக்கத்திலேயே வைத்து, அங்கிருந்து பேலன்ஸ்டு லைனாக (சிக்னலுக்கு இரண்டு கம்பி உள்ள லைன்) இழுப்பதுதான் முறை. வீணையிலிருந்து பெட்டி வரை ஒயர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

கரகரப்பு என்றால் முக்கால்வாசி கேபிள்தான். மைக் கேபிளின் மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் பின்னில் 1 ஷீல்டு, 2-ம் 3-ம் சிக்னல். சிக்னல் இரண்டிலும் எதிரெதிராகப் போகிறது. வழியில் ஒட்டிக்கொள்ளும் ஹம் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது ஹம் அடிபட்டுப்போகிறது. இரண்டில் ஒரு கம்பி அறுந்தால் கழிக்க ஆள் இல்லை: குரல் தகர டப்பா போல ஒலிக்கும், ஹம் எழும். கேபிள் பின்னுக்குள் நுழையும் கழுத்தில்தான் பெரும்பாலும் அறுகிறது, ஏனென்றால் கழற்றும்போது பின்னைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து இழுக்கிறோம். மல்டிமீட்டரில் 1-1, 2-2, 3-3 பார்த்து, ஒன்றுக்கொன்று சேரவில்லை என்றும் பார்க்க வேண்டும். சும்மா வைத்துப் பார்த்தால் எல்லாக் கேபிளும் நல்லதாகத்தான் காட்டும். கழுத்தை ஆட்டிக்கொண்டே பாருங்கள்.

எந்தச் சத்தம் என்று காது பிடிபடாதபோது, மிக்ஸரின் மாஸ்டரை, அதாவது மொத்தச் சத்தத்துக்கான ஃபேடரை, இறக்குங்கள். சத்தம் அப்படியே இருந்தால் மிக்ஸருக்குப் பிறகு கோளாறு. போய்விட்டால் மாஸ்டரை ஏற்றி, சேனல்களை ஒவ்வொன்றாக மியூட் செய்யுங்கள். சேனல் கிடைத்ததும் மைக்கை மாற்று, பிறகு கேபிளை மாற்று. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலேயே போய்விடும், அந்தக் கேபிள் அடுத்த கல்யாணத்துக்கும் வரும்.

'டட்டட் டட்டட்' என்று வெட்டினால் மைக்குக்குப் பக்கத்தில் செல்போன். 2ஜி அலைவரிசையில் போன் நொடிக்குச் சுமார் 217 முறை விட்டு விட்டு அலை அனுப்பும். அந்தத் தாளம்தான் கேட்பது. பேச்சாளர் போனைப் போடியத்தின் மேல் மைக் அடியிலேயே வைப்பார். இரண்டு அடி தள்ளினாலே போதும்.

கார்ட்லெஸ் மைக்கின் வெட்டு வேறு. மூன்று மைக்குக்கு 640, 641, 642 மெகாஹெர்ட்ஸ் என்று அழகாகச் சம இடைவெளி வைத்தால் கெட்டது காரியம். 640-ம் 641-ம் கலந்து 639-லும் 642-லும் போலி அலைகளை உண்டாக்கும். மூன்றாவது மைக் நேராக அதில் மாட்டும். கம்பெனி கையேட்டில் குரூப் என்று கொடுத்திருப்பது இந்தக் கணக்கைப் போட்டு ஒழுங்குபடுத்தியதுதான், அதிலிருந்தே எடுங்கள். எல்லா மைக்கையும் அணைத்துவிட்டு ரிசீவரில் ஸ்கேன், பிறகு ஒவ்வொன்றாக ஆன். ரிசீவரை ராக்கின் அடியில் செருகாமல் ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். கூட்டத்தின் உடம்பே அலையைக் குடித்துவிடும். பாடுபவர் மைக்கின் அடிப்பகுதியைக் கையால் மூடிப் பிடித்தாலும் அதே கதைதான். பல மாடல்களில் ஆன்டெனா இருப்பது அங்கேதான்.