முயல் தீனியைத் தொடாமல் உட்கார்ந்தால்

முயலுக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது பின்வழியாக வெளியே வந்தே ஆகவேண்டும். நடுவில் குடல் அசைவு நின்றுவிட்டால் தீனி அங்கேயே கிடந்து காற்று சேரும். வயிறு வலிக்கும், வலியில் சாப்பிடாது, சாப்பிடாததால் குடல் இன்னும் அடங்கிப்போகும். ஜிஐ ஸ்டேசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஆடு ஒருவேளை தின்னாவிட்டால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விடுவோமே, அந்தக் கணக்கு முயலிடம் செல்லாது. அரை நாள் வாய் வைக்காமல் இருந்தாலே அவசரம்தான்.

எங்கள் முயல் ஜில்லுவுக்கு இது வந்தது அக்னி நட்சத்திர நேரத்தில். பாபநாசம் பக்கம் வீடு. விசேஷத்துக்கு வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பொரி, பிஸ்கட், வாழைப்பழம் என்று ஊட்டியிருக்கிறார்கள். மாவும் இனிப்பும் அதிகமாகி நார் குறைந்தால் முயல் குடலில் நல்ல கிருமிகள் குறைந்து கெட்டது பெருகும். கூடவே வெயில், கூட்டம், மைக்செட் சத்தம். ஒவ்வொன்றுமே முயலுக்கு ஆகாதது.

முதலில் கண்ணில் பட்டது புழுக்கைதான். நல்லா இருக்கும் முயலின் புழுக்கை உருண்டையாக, பட்டாணி அளவில், வெளிர் பழுப்பாக இருக்கும்; விரலில் நசுக்கினால் பொடிந்து உள்ளே புல் நார் தெரியும். அன்றைக்குக் கிடந்தவை மிளகளவு, கறுத்து, கல்லாக. இரண்டு மூன்று முடியில் கோத்து மாலையாகத் தொங்கின. மத்தியானத்துக்கு மேல் அதுவும் இல்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. அது வலிக்கான அடையாளம். வெளியே அனல் அடிக்கிறது, இதன் காது மட்டும் சில்லென்று இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. முயலின் உடம்புச் சூடு 38.5 முதல் 40 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் நிலைமை மோசம். வெதுவெதுப்பான நீரை பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம்.

பக்கத்து மெடிக்கலில் 'குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்தான், கொடுங்க' என்று அமாக்ஸிசிலினை நீட்டினார்கள். வாங்கவில்லை. பென்சிலின் வகை மருந்து வாய் வழியாகப் போனால் முயலின் குடல் கிருமிகளை அழித்து உயிருக்கே உலை வைத்துவிடும். இதை முயல் வளர்ப்பவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளூர் கால்நடை மருந்தகத்து டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, மாடு, ஆடுதான் தனக்குப் பழக்கம், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள் என்று நேராகவே சொன்னார். அப்படிச் சொல்கிற டாக்டர் கிடைப்பதே பாக்கியம். தஞ்சாவூர் போய்ப் பட்டுக்கோட்டை ரோட்டில் போகவேண்டும். காய்கறிக் கூடையில் அருகம்புல் பரப்பி, மேலே ஈரத்துணி இல்லாமல் காய்ந்த துண்டு போட்டு எடுத்துப் போனோம். அங்கே முதல் கேள்வியே, "புழுக்கை எடுத்துட்டு வந்தீங்களா?" நல்லவேளை, காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். பல்லைப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகுதான் தோலுக்கடியில் சலைன், வலிக்கு ஊசி, கையால் ஊட்டச் சொல்லி அனுமதி.

அந்த வரிசை முக்கியம். வயிறு தவில் போல விறைத்திருந்தால் வீட்டில் ஒரு சொட்டுக்கூட ஊட்டக்கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

ஊட்டுவது பொறுமை வேலை. புல்லால் ஆன பெல்லட்டை (கடையில் விற்கும் குச்சித் தீனி) வெந்நீரில் ஊறவைத்து, கூழாகக் கரைத்து, துணியில் வடித்தோம்; வடிக்காவிட்டால் சிரிஞ்ச் அடைத்துக்கொள்ளும். ஜில்லுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டாகச் சிரிஞ்சை நுழைத்து, ஒரு மில்லி விட்டு, அது மென்று விழுங்கும் வரை காத்திருந்து, அடுத்த மில்லி. நேராக உள்ளே பீய்ச்சினால் மூச்சுக்குழாயில் போய்விடும். மல்லாக்கப் போடவே கூடாது. நடு ராத்திரியும் எழுந்தோம். வீட்டுக்காரர் பிடிப்பார், நான் ஊட்டுவேன். தாடையெல்லாம் பச்சைக் கூழ், என் புடவையிலும்.

புழுக்கை திரும்ப வந்தபோது முதலில் சின்னதாக, ஒழுங்கில்லாமல்தான் வந்தது. ஆனாலும் வீட்டில் எல்லோரும் கூண்டைச் சுற்றி நின்றோம். சில நாளில் திராட்சைக் கொத்தாட்டம் பளபளவென்ற மெத்துப் புழுக்கையை அது தானே குனிந்து வாய் வைத்து எடுத்துத் தின்றது. மாமியார், "ஏம்மா, கழிவையே தின்னுதே, தடுக்கக்கூடாதா?" என்றார். தடுக்கக்கூடாது அத்தை, பெருங்குடல் பையில் நொதித்த அதில்தான் வைட்டமினும் புரதமும் இருக்கிறது என்றேன். முகத்தைச் சுளித்தாரே தவிர மறுத்துப் பேசவில்லை.

இனி தீனிதான் முழு வைத்தியம். முயலின் தட்டில் பெரும்பங்கு நார்ப்புல்லாக இருக்கவேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் டிமோதி ஹே என்கின்றன. அது குளிர்ப் பிரதேசத்துப் புல், ஆன்லைனில் வாங்கினால் விலை கையைக் கடிக்கும். சுற்றிலும் வயல், வைக்கோல் போர் மலையாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். வைக்கோலில் மணற்சத்து அதிகம், உணவுச்சத்து குறைவு; படுக்கைக்குப் போடலாம், அதுவே தீனி ஆகாது. நாங்கள் கொல்லையில் அருகம்புல்லும் கொஞ்சம் வேலிமசாலும் போட்டிருக்கிறோம். வேலிமசால் பருப்பு வகை, புரதம் அதிகம், அளவோடுதான்.

வரப்புப் புல் அறுக்கப் போகாதீர்கள். குறுவைக்கும் சம்பாவுக்கும் களைக்கொல்லி அடித்திருப்பார்கள், புல்லைப் பார்த்தால் தெரியாது.

புல்லைக் காயவைப்பதிலும் கவனம் வேண்டும். பூ விடும் முன் அறுத்து, கீற்றுக் கொட்டகை நிழலில் மெல்லிசாகப் பரப்பி, புரட்டிப் புரட்டி உலர்த்துகிறோம். வெயிலில் போட்டால் பச்சை வெளுத்து வாசனை போய்விடும், ஜில்லு முகர்ந்துகூடப் பார்க்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட வேண்டும். எடுக்கும்போது லேசாகப் பூசண வாடை வந்தால்கூட மாட்டுக்கும் போடுவதில்லை, எருக்குழிக்குத்தான் போகிறது.