பழைய கடன்களோடு வீட்டுக்கடன்: காரைக்குடியில் நாங்கள் போட்ட கணக்கு

"மூணு லட்சம் கடன் பாக்கி நிக்குது, வீட்டுக்கடன் கிடைக்குமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பது பாக்கியை அல்ல. மாதம் பிறந்தால் உங்கள் சம்பளத்தில் எவ்வளவு தவணைக்குப் போகிறது என்பதைத்தான். இது புரிந்துவிட்டால் எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதும் தெளிவாகிவிடும். அது தெரியாமல் கையிருப்பு முழுவதையும் நகையைத் திருப்பப் போட்டுவிட்டு, கடன் குறைவாகக் கிடைத்து நிற்பவர்கள் செட்டிநாட்டுப் பக்கம் நிறையப் பேர்.

எங்கள் விண்ணப்பத்தின் எண்களையே வைக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 60,000. எல்லாத் தவணைகளும் சேர்ந்து இதில் பாதியைத் தாண்டக் கூடாது என்றார்கள். எஃப்.ஓ.ஐ.ஆர். என்று சொல்வது இந்த விகிதத்தைத்தான். சம்பளம் குறைவாக இருந்தால் 40 சதவீதத்தோடு நிறுத்துவார்கள், கூடுதலாக இருந்தால் 60 வரையும் போவார்கள். எங்களுக்கு 50. ஆக மாதம் 30,000.

இதில் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தவை: வண்டிக் கடன் தவணை 3,400, இன்னும் 5 மாதம் பாக்கி. தனிநபர் கடன் தவணை 8,600, அசல் பாக்கி 1.33 லட்சம். கிரெடிட் கார்டில் 40,000 நிலுவை. நகைக்கடன் 3 லட்சம்.

கார்டுக்குத் தவணை கிடையாதே என்று நினைப்போம். நிலுவையில் 5 சதவீதத்தை மாதச் சுமையாக எடுத்துக்கொண்டார்கள், அதாவது 2,000. நகைக்கடன் வருடக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் வகை. ஒரு கிளையில் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நாங்கள் போன கிளையில் 9 சதவீத வட்டியைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 2,250 என்று வைத்தார்கள். இடத்துக்கு இடம் மாறும் கணக்கு இது, விண்ணப்பம் கொடுக்கும் முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

மொத்தம் 16,250. மீதி 13,750. வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் ஒரு லட்சத்துக்குத் தவணை 868 ரூபாய். 13,750-ஐ 868-ஆல் வகுத்தால் 15.8 லட்சம். கடனே இல்லாதிருந்தால் இதே சம்பளத்துக்கு 34.5 லட்சம் கிடைத்திருக்கும்.

இனி ஒவ்வொரு கடனையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். வண்டிக் கடனை முடிக்க சுமார் 16,500 போதும். முடித்தால் மாதம் 3,400 விடுபடும், தகுதி, அதாவது கிடைக்கக்கூடிய வீட்டுக்கடன், 3.9 லட்சம் ஏறும். தனிநபர் கடனுக்கு 1.33 லட்சம் போட்டால் 9.9 லட்சம் ஏறும். கார்டுக்கு 40,000 போட்டால் 2.3 லட்சம். நகையைத் திருப்ப 3 லட்சம் போட்டாலும் ஏறுவது 2.6 லட்சம்தான்! வீட்டில் எல்லோரும் "முதல்ல நகையத் திருப்புங்க" என்பார்கள். அந்த மனசு புரிகிறது, ஆனால் இந்த நேரத்தில் நகை கடைசியில்தான் வர வேண்டும். முதல் மூன்றையும் அடைக்க 1.9 லட்சம் ஆயிற்று, தகுதி 31.9 லட்சமாக நின்றது. தனிநபர் கடனை முன்கூட்டி முடிக்க 4 சதவீதக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என 6,278 ரூபாய் தனியாகப் போனது. அதையும் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு தவணைக்குள் முடியும் கடனைச் சில இடங்களில் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படியானால் வண்டிக் கடனைத் தொடவே வேண்டாம்.

அடைத்தவுடன் ஓடக் கூடாது. கடன் முடிந்த விவரம் சிபிலில், அதாவது நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனத்தில், ஏற வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் குறைந்தது இருமுறை விவரம் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இருந்தாலும் ஒரு மாதம் விட்டு அறிக்கையை எடுத்துப் பார்ப்பது நல்லது. வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம்.

அறிக்கையில் நம் ஊர்க்காரர்களைச் சிக்க வைப்பது நகைக்கடன்தான். வருடா வருடம் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கும்போது ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு எண் விழும். பழையது முடிந்ததாகக் காட்ட வேண்டும். எங்கள் அறிக்கையில், எப்போதோ திருப்பிய நகைக்கு ஒரு கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. சிபில் தளத்திலேயே புகார் போட்டு, நகையைத் திருப்பிய ரசீதை அடகு வைத்த இடத்திலும் கொடுத்தோம். புகாரை 30 நாளில் தீர்க்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நகையை மீட்ட ரசீதுகளைக் கிழித்துப் போடாதீர்கள், ஒரு உறையில் வருட வாரியாக இருக்கட்டும்.

விண்ணப்ப மேஜையில் கேட்கும் இன்னொரு கேள்வி: "ஆச்சி பேர்ல ஏதும் கடன் இருக்காண்ணே?" மனைவியைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்தால் அவர் வருமானம் கூடும், அவர் பெயரிலுள்ள நகைக்கடனும் மகளிர் குழுக் கடனும் சேர்ந்தே வரும். மாதம் 9,000 சம்பாதிப்பவரின் வருமானத்தால் கூடுவது 4,500. அவர் தவணைகள் 5,000 என்றால் சேர்த்ததே நஷ்டம். வருமானத்துக்குச் சேர்ப்பது வேறு, பத்திரத்தில் பெயர் இருப்பது வேறு என்றாலும், சொத்தில் உரிமை உள்ளவர்கள் எல்லோரும் கடனிலும் கையெழுத்திட வேண்டும் என்பார்கள். யார் பெயரில் பத்திரம் என்பதை இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பிறர் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும், பிள்ளையின் கல்விக்கடனில் அப்பா போட்ட கூட்டுக் கையெழுத்தும் அறிக்கையில் தெரியும்.

சீட்டுப் பணம் சிபிலில் வராது. ஆனால் ஆறு மாத வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை போனால் "இது என்ன?" என்று கேட்பார்கள். சீட்டுப் புத்தகத்தின் நகலைக் கையோடு வைத்திருங்கள். அதே ஆறு மாதத்தில் கணக்கில் பணமில்லாமல் தவணை ஒருமுறை திரும்பியிருந்தாலும் விளக்கக் கடிதம் கேட்பார்கள்.

பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கக் கடன் சம்பளத்திலேயே பிடிபடும். அதிகாரி கைச்சம்பளமாக 60,000 எடுத்துவிட்டு, சங்கத் தவணை 4,000-ஐ மறுபடியும் கழித்தால் அது இருமுறை கழிந்ததாகிவிடும். சரியான கணக்கு 64,000-இல் பாதி 32,000, அதில் 4,000 போக 28,000. தவறான கணக்கில் 26,000 வரும். இந்த 2,000 வித்தியாசம் 2.3 லட்சம் கடன். கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தகுதி 31.9 லட்சம் என்றால் அவ்வளவும் கைக்கு வந்துவிடாது. நாங்கள் பார்த்த வீடு 37 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம்தான். 31 லட்சம் கேட்டால் 37 லட்சத்தில் 80 சதவீதமான 29.6-ஐத் தாண்டுகிறது. 30 லட்சம் கேட்டால் விதிக்குள் நிற்கிறது. அதனால் 30 என்றே எழுதிக்கொடுத்தோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 3.33 லட்சம் இந்த மதிப்பில் சேராது, கையிலிருந்துதான் போக வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அனுமதிக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் கைப்பணத்துக்காக மீதி நகையையும் அடகு வைத்துவிடுவார்கள். பணம் விடுவிக்கும் முன் சிபிலை இன்னொரு முறை பார்ப்பது உண்டு. புதுக் கடன் தெரிந்தால் தொகையைக் குறைக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். நகை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் விண்ணப்பத்துக்கு முன்பே வைத்து, அந்த வட்டியையும் சேர்த்துத் தகுதி பாருங்கள். பத்திரப் பதிவு முடிந்து விற்றவர் கையில் காசோலை போகும் வரை ஒரு செல்போனைக்கூடத் தவணையில் வாங்க வேண்டாம்.