டார்ஜிலிங் பி கிளாஸ் எஞ்சின்: சேசிஸ் உருள ஆரம்பித்துவிட்டது

இந்தத் தடவை கப்ளிங் ராடைப் பற்றித்தான், அதாவது முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்துச் சுழலவைக்கும் பட்டையைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். இரண்டே இரண்டு பித்தளைப் பட்டைகள். அவை சரியாக அமைய மூன்று வாரம் ஆயிற்று.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் செய்துகொண்டிருப்பது டார்ஜிலிங் மலை ரயிலின் பி கிளாஸ் நீராவி எஞ்சினின் சிறிய மாதிரி. கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி 1889-இல் கட்ட ஆரம்பித்த வகை. பிற்பாடு சிலவற்றை மலைப்பாதையிலேயே உள்ள தீந்தாரியா பட்டறையிலும் கட்டினார்கள். நாலே சக்கரம், நாலும் இழுக்கும் சக்கரம். நம் ஊட்டி ரயிலுக்குப் பல்சக்கரம் உண்டு, நடுவில் பல் தண்டவாளம் உண்டு. டார்ஜிலிங்கில் அதெல்லாம் கிடையாது. இரண்டு அடி அகலத் தண்டவாளத்தை வெறும் சக்கரத்தின் பிடிப்பிலேயே பற்றிக்கொண்டு 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கும் ஸ்டேஷன் வரை ஏறுகிறது. முன் பலகையில் இரண்டு ஆட்கள் உட்கார்ந்து, வழுக்கும் இடத்தில் தண்டவாளத்தின் மேல் மணலைத் தூவிக்கொண்டே வருவார்கள். அந்தக் காட்சிக்காகத்தான் இந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு அடிக்கு 16 மி.மீ. என்பது என் அளவு, அதாவது ஏறக்குறைய பத்தொன்பதில் ஒரு பங்கு. இரண்டு அடி கேஜ் அப்படியே 32 மி.மீ. ஆகிவிடும், எங்கேயும் சமரசம் தேவையில்லை. நிஜ எஞ்சினின் சக்கரம் 26 அங்குலம், எனக்கு 34.7 மி.மீ. பிஸ்டன் ஓட்டம் 14 அங்குலம். அதில் பாதி ஏழு, ஆகவே அச்சின் மையத்திலிருந்து கிராங்க் பின் (சக்கரத்தில் ராடு மாட்டும் முளை) 9.3 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

சக்கரத்தை மட்டும் வெளியே கொடுத்தேன். லேத் பட்டறை அண்ணன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பொம்மைக்குத்தானே தம்பி, 35 வச்சுக்கலாமா?" என்றார். "வேண்டாம்ணே, நாலும் ஒண்ணுபோல இருக்கணும்" என்றேன். மறுநாள் வெர்னியரை வைத்துப் பார்த்தேன். நாலும் 34.7 தான். அந்த மனிதரின் கைக்கு என் வணக்கம்.

இனி ராடுக்கு வருகிறேன். முதலில் ஃபிரேமில் அச்சுத் துளைகளைப் போட்டேன். பிறகு அதே அளவைக் குறித்துக்கொண்டு இரண்டு ராடுகளிலும் தனித்தனியாகத் துளை போட்டேன். அங்கேதான் தப்பு. பஞ்ச் வைத்த இடத்திலிருந்து டிரில் பிட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போதும். ஒரு பக்க ராடு 0.3 மி.மீ. நீளமாகிவிட்டது. சக்கரத்தை விரலால் சுழற்றினால் அரைச் சுற்றுக்கு ஒரு முறை இறுகி நின்றது. கிராங்க் மேலேயோ கீழேயோ இருக்கும்போது அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. டெட் சென்டரில், அதாவது ராடும் கிராங்கும் இரண்டு அச்சுகளும் ஒரே கோட்டில் வரும்போது, மிச்சமிருக்கும் 0.3-க்குப் போக இடமில்லை. அப்படியே கவ்விக்கொள்கிறது.

துளையை அரத்தால் கொஞ்சம் பெரிதாக்கிவிடலாம் என்று கை துடித்தது. செய்யவில்லை. லூசான ராடு ஓடும், ஆனால் தள்ளாடிக்கொண்டே ஓடும். மெதுவாகப் போகும்போது அது பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு முறையை மாற்றினேன். இரண்டு பித்தளைப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஈயம் வைத்து ஒட்டி, ஒரே துண்டாக்கி, ஒரே தடவையில் துளைத்தேன். ஒட்டிய நிலையிலேயே அரம் போட்டு வடிவமும் கொடுத்தேன். அந்தத் துண்டையே வழிகாட்டியாக வைத்து, அதன் துளை வழியாகவே புதிய ஃபிரேம் தகடுகளையும் துளைத்தேன். இப்போது அளவு சரியா தப்பா என்ற கேள்வியே இல்லை. தப்பாக இருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே தப்பு. கடைசியில் சூடுகாட்டிப் பிரித்தபோது இரண்டு ராடும் இரட்டைப் பிள்ளைகள்போல வந்தன.

அடுத்தது 90 டிகிரி. ஒரு பக்கத்துக் கிராங்குக்கும் மறுபக்கத்துக் கிராங்குக்கும் கால் சுற்று வித்தியாசம் இருக்க வேண்டும். ஒரு பக்க பிஸ்டன் கோடியில் நின்று எந்த விசையும் தர முடியாத நேரத்தில், மறுபக்கம் முழு விசையோடு தள்ளுவதற்கான ஏற்பாடு அது. அச்சு இரும்புக் கம்பியை ஒரு மரக்கட்டையில் கிடத்தி, மூலைமட்டத்தின் ஒரு கையில் இந்தப் பின்னும் மறு கையில் அந்தப் பின்னும் தொட்டு நிற்கும்படி வைத்து, லாக்டைட் பசை விட்டு ஒரு இரவு தொடாமல் விட்டேன். 90 என்பது 89 ஆனாலும் பரவாயில்லை. இரண்டு அச்சிலும் அதே 89 இருந்தால் போதும், ஓடும்.

மோட்டாரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிமிடத்துக்கு 100 சுற்று சுழலும் என்20 என்ற சிறிய கியர் மோட்டார், ஃபயர்பாக்ஸ் (நெருப்பு எரியும் பெட்டி) வரும் இடத்தில் செங்குத்தாக நிற்கிறது. சம பற்களுள்ள சாய்வுப் பல்சக்கரம் வழியாகப் பின் அச்சைச் சுழற்றுகிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 11 மீட்டர் வரும். அதைப் பத்தொன்பதால் பெருக்கினால் மணிக்கு 12 கி.மீ. சொச்சம். 88 கி.மீ. பாதையை ஏறி முடிக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் ரயிலுக்கு அதுவே சரியான வேகம். மொட்டை மாடித் தூசியில் தண்டவாளம் வழியாகக் கரண்ட் எடுப்பது தொல்லை, அதனால் பேட்டரிதான். அது டேங்குக்குள் போகிறது.

டேங்க் என்றால் பாய்லரின் மேல் சேணம்போல உட்காரும் தண்ணீர்த் தொட்டி. 0.5 மி.மீ. பித்தளைத் தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, பிவிசி குழாய்மேல் வைத்து அமுக்கினேன். தகடு கொஞ்சம் விரிந்துகொடுக்கும் என்பதால், வேண்டிய வளைவைவிட ஒரு அளவு சிறிய குழாயாக எடுப்பது நல்லது. ரிவெட் தலைகளை மழுங்கிய ஊசியால் பின்பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினேன். தட்டுவதை வளைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நேற்று மாலை ஏற்றத்தில் சோதனை. ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்தினால் இருபதுக்கு ஒன்று சரிவு. டார்ஜிலிங் பாதையின் கடினமான இடங்கள் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். 600 கிராம் எடையோடு எஞ்சின் தனியாக ஏறியது. இரண்டு வேகனைக் கோத்தவுடன் பாதி வழியில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. நிஜ எஞ்சினில் தொட்டித் தண்ணீரின் பாரமும் சக்கரத்தின் பிடிப்புக்கு உதவுகிறது, எனக்கு அது இல்லையே என்று யோசித்து, மீன்பிடி ஈயக்குண்டுகளைத் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்திலேயே நிரப்பினேன். 1.1 கிலோ ஆனது. இப்போது இரண்டு வேகனோடும் மேலே போய் நின்றது. மூன்றாவதைக் கோத்தால் இன்னும் வழுக்குகிறது. பல்சக்கரத்தில் புகுந்துவிடும் என்று தெரிந்தும், சலித்த மணலை இரண்டு விரலால் எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் தூவினேன். ஏறிவிட்டது.

இரவே பல்சக்கரத்தைக் கழற்றித் துடைத்தாயிற்று. இனி வால்ஷார்ட்ஸ் வால்வ் கியர், அதாவது நிஜ எஞ்சினில் சிலிண்டருக்குள் நீராவி போகும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி அமைப்பு. அதன் ஒரு பாகமான வளைந்த எக்ஸ்பான்ஷன் லிங்க்கின் ஆரத்தைக் காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். அதையும் இரண்டு தகடுகளை ஒட்டித்தான் வெட்டப்போகிறேன்.