ஆரல்வாய்மொழியில் ஆடிய வண்டி, தக்கலையில் மாறிய கட்டில்

கேரவனில் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சுற்றிவிட்டு நேற்று ராத்திரி 11 மணிக்குத்தான் மதுரை வந்து சேர்ந்தோம். விரல் இடுக்கில் இன்னும் மரத்தில் ஈரம் ஏறாமல் பூசும் சீலரின் பிசுபிசுப்பு போகவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். கேரவனுக்குள் கட்டில் அமைப்பை நாமே மாற்றுவது எப்படி என்று தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று இரண்டு மாதம் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் அளவு, சாமான், செலவு என்று வரிசையாகச் சொல்கிறேன்.

என் பழைய பொலேரோவுக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன கேரவன் இது. போன வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். உள்ளே 12 அடி நீளம், 6 அடி அகலம், ஒற்றை அச்சு. முன்பக்கம் சமையல் மேடையும் ஒரு ஆள் நுழையும் கழிப்பறையும். பின்பக்கச் சுவரோடு குறுக்கே நாலரை அடி அகலத்தில் பெரிய கட்டில். அதற்கு முன்னால் உட்கார இரண்டு பெட்டி. படத்தில் பார்க்க அந்தக் கட்டில் ரொம்ப அழகு. ஆனால் போனது நானும் அம்மாவும். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

முதல் சோதனை ஆரல்வாய்மொழியில் வந்தது. காவல்கிணற்றில் நாகர்கோவில் ரோட்டுக்குத் திரும்பியதும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே விட்டுக் கொடுத்திருக்கிற இடைவெளி வழியாகத்தான் தென்மேற்குக் காற்று மொத்தமும் பாய்ந்து வருகிறது. ஆடி மாதம் வேறு. 60-ல்தான் போனேன். எதிரே ஒரு லாரி கடந்த நொடியில் கேரவனின் வால் இடமும் வலமுமாக வீச ஆரம்பித்தது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தேன். 40-க்கு இறங்கியதும் அடங்கியது. அம்மா பக்கத்து சீட்டில் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்று ராத்திரி சொத்தவிளை பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பில் வண்டியைப் போட்டோம். குறுக்குக் கட்டிலில் ஒருவர் சுவர்ப் பக்கம் படுத்தே ஆக வேண்டும். அம்மா தானே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். 2 மணிக்கு எழுந்து என் காலைத் தாண்டி இறங்கப் பார்த்திருக்கிறாள். கட்டில் உயரம் 28 அங்குலம். வழுக்கிப் பெட்டி விளிம்பில் முழங்காலுக்குக் கீழே நல்ல அடி. சத்தம் கேட்டு நான் எழுந்தபோது தரையில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல, நீ தூங்குப்பா" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே போட்ட கண்ணாடிப் பாலத்தைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "4 மணிக்கு மேல குடிச்சா ராத்திரி எந்திரிக்கணும்ல."

எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. பயணத்தை நிறுத்திவிட்டு நேராகத் தக்கலைக்கு வண்டியைத் திருப்பினேன். சித்தி வீடு அங்கேதான். பெரிய முற்றம், சித்தப்பாவிடம் டிரில், ஜிக்சா, சாண்டர் எல்லாம் உண்டு.

கிளம்புவதற்கு முன்பே ஒரு கேரவன் பட்டறையில் கட்டிலை மாற்ற விலை கேட்டிருந்தேன். 65,000 ரூபாய் என்றார்கள், மூன்று வாரம் ஆகுமாம். அந்தப் பணத்துக்கு நான் கன்னியாகுமரி மாவட்டத்தையே நான்கு தடவை சுற்றி வருவேன். என் கையில் இருந்தது 12,000. சித்தப்பா வண்டிக்குள் ஏறி ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் சாரமில்ல மக்களே, நாமளே செஞ்சிரலாம்" என்றார்.

பழைய மெத்தையைத் தூக்கியதும் முகம் சுளித்துவிட்டேன். அடியில் பிளைவுட் முழுக்கக் கறுப்புப் புள்ளி, பூஞ்சை வாடை. தூங்குகிறவரின் உடம்புச் சூடும் வியர்வையும் மெத்தை வழியாகக் கீழே இறங்கும். கீழே காற்றுப் போக வழியில்லாத பலகை இருந்தால் அந்த ஈரம் அங்கேயே தங்கிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பார்க்கிற ஊரில் மூடிய பலகைக் கட்டில் கூடவே கூடாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கேரவன் செய்கிறவர்களில் நான் பார்த்த பலரும் இன்னும் பலகையைத்தான் போடுகிறார்கள்.

இப்போது அளவு. வண்டியின் உள் அகலம் 72 அங்குலம். இடமும் வலமும் நீளவாக்கில் ஆளுக்கொரு ஒற்றைக் கட்டில், ஒவ்வொன்றும் 26 அங்குல அகலம். நடுவில் 20 அங்குல நடைபாதை. நீளம் 75 அங்குலம், என் 5 அடி 10 அங்குல உடம்பு முதல் தடவையாகக் காலை மடக்காமல் நீட்டியது. உயரம் 18 அங்குலம், மெத்தையோடு சேர்த்து. வீட்டு நாற்காலி உயரம்தான். அம்மா அதில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படுகிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஒன்றே போதும். பகலில் இரண்டு கட்டிலும் சோபா, நடுவில் மடக்கு மேஜை. பழைய பெட்டி இருக்கைகளைக் கழற்றிவிட்டேன். சக்கரத்துக்கு மேல் தரை மேடாக எழும்பியிருக்கும் பகுதி இரண்டு பக்கமும் கட்டிலுக்கு அடியில் போய் மறைந்துகொண்டது.

ஒரு எச்சரிக்கை: கேரவனின் சுவர் நேராக இருக்கும் என்று நம்பி மரத்தை அறுக்காதீர்கள். பின்பக்கம் 72 என்றால் நடுவில் 71½ தான். சித்தி வீட்டு பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, சுவரோடு ஒட்டிப் பார்த்து, அந்த அட்டையை மரத்தில் வைத்து வரைந்தோம். அதேபோல ரசமட்டம் வைக்கும் முன் வண்டியையே முதலில் சமமாக நிறுத்த வேண்டும். சரிந்து நிற்கும் வண்டியில் ரசமட்டம் பார்த்துக் கட்டினால் கட்டில் காலத்துக்கும் சரிந்தே இருக்கும்.

சாமான் வாங்கப் போனதில்தான் கோபம். நாகர்கோவிலில் ஒரு கடையில் "வாட்டர் புரூஃப் சார், கண்ணை மூடிட்டு எடுங்க" என்று ஒரு பிளைவுட்டைத் தள்ளப் பார்த்தார்கள். சித்தப்பா கண்ணைத் திறந்துதான் பார்த்தார். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை, 710 என்ற எண்ணும் இல்லை. மரைன் பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 என்று அச்சடித்திருக்க வேண்டும். ஐஎஸ் 303 என்று இருந்தால் அது வேறு தரம், ஈரத்தில் அதே அளவு தாங்காது. கட்டிலின் அடிச்சட்டத்துக்கு மட்டும் வேறு கடையில் 12 எம்எம் மரைன் பலகை ஒன்றே ஒன்று வாங்கினோம், 3,200 ரூபாய்.

அதையும் மரத்தையும் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி பிடித்தோம். ஏற்றும்போது "குடுக்கறத குடுங்க அண்ணே" என்றவர், இறக்கியதும் 1,200 கேட்டார். 600-க்கு மேல் ஒரு பைசா தகாது. சித்தப்பா அரைமணி நேரம் பேசியும் ஆள் மசியவில்லை. என் 12,000 பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கு அந்த ஒரு நடைக்கே போனது. இன்னும் எனக்கு ஆறவில்லை. குடுக்கறத குடுங்க என்று யார் சொன்னாலும், தொகையைப் பேசாமல் ஒரு மரத்துண்டைக்கூட ஏற்றாதீர்கள்.

மரம் விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம். இந்தப் பக்கம் குலசேகரம் வரைக்கும் ரப்பர் தோட்டம்தான், ரப்பர் மரம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதையே எடுக்கப் போனேன். மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்த வயதான தச்சர் அண்ணாச்சி தடுத்தார். "மருந்து ஏத்தாத ரப்பர் தடி ஈரத்துல நிக்காது, பூச்சி வச்சிரும். அயனி எடுங்க. வள்ளம் கட்டுற மரம்." அயனியில் ரீப்பர், அதாவது மெல்லிய மரச் சட்டம், அறுத்து வாங்கினோம், இரண்டரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம், 38 துண்டு, 4,200 ரூபாய். அறுத்த இடத்தில் பொன் நிறம். எனக்கு அந்த மரத்தை விட்டு வர மனமே இல்லை.

ரீப்பர்களை ஒன்றரை அங்குல இடைவெளி விட்டுக் குறுக்கே அடுக்கினோம். கடல் காற்றுக்குச் சாதாரண ஸ்க்ரூ ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து மரத்தில் கறுப்பாக இறங்கும், அதனால் எல்லாமே எஸ்எஸ் 304, துருப்பிடிக்காத ஸ்டீல். முதல் இரண்டு ஸ்க்ரூ பாதியில் இறுகித் தலை மழுங்கிவிட்டது. அண்ணாச்சி மில்லில் சொன்ன வைத்தியம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதலில் சின்ன பிட் போட்டுத் துளை, பிறகு ஸ்க்ரூவின் மரையைத் துணி சோப்பில் ஒரு தேய்ப்பு. அப்புறம் பாருங்கள், வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மீதி 150 ஸ்க்ரூவையும் அம்மாதான் முற்றத்தில் உட்கார்ந்து சோப்பில் தேய்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

கேரவன் சுவரில் ஸ்க்ரூ பிடிக்காது, காந்தம் ஒட்டாத இரண்டு தகட்டுக்கு நடுவே தெர்மோகோல்தான். உள்ளே இரும்புச் சட்டம் ஓடும் இடத்தைக் கண்டுபிடிக்க சித்தி வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். ஒட்டுகிற இடத்தில் பென்சில் குறி. அங்கே மட்டும்தான் கட்டிலைச் சுவரோடு பிணைத்தோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் சித்தி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டாள். வாழையிலையில் அவித்த மரச்சீனிக் கிழங்கு, மேலே குளச்சலிலிருந்து காலையில் வந்த சாளை மீனில் வைத்த கறி. தேங்காயும் வற்றலும் மஞ்சளும் அம்மியில் அரைத்து, புளி கொஞ்சம் தூக்கல். கிழங்கை விரலால் மசித்து அந்தக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தால் போதும், அந்தக் குட்டியானைக்காரரைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. கடைசியில் மட்டி வாழைப்பழம், சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு, மணம் மட்டும் அறை முழுக்க. நான் ஏழு தின்றேன். ஹோட்டலில் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து இந்த ருசி எங்கேயும் கிடைத்ததில்லை.

சீலர் காய ஒரு நாள் வேண்டும். அந்த இடைவெளியில் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை போய்விடாதீர்கள், மூடியிருக்கும். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. மகாராஜாவின் மூலிகைக் கட்டில் முன்னால் அம்மா நகரவே இல்லை. 64 வகை மரம் என்று அங்கே சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய சாளரங்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே மின்விசிறி இல்லாமல் சிலுசிலுவென்று காற்று. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த எங்கள் ரீப்பர்கள் ஞாபகத்துக்கு வந்தன.

மெத்தைக்கு அடியில் ஒரு அங்குலம் ரப்பர் கலந்த தென்னை நார்ப் பலகை, மேலே மூன்று அங்குலம் 40 டென்சிட்டி ஃபோம். நாருக்குள் காற்று ஓடும். இரண்டும் சேர்த்து 7,800. உறையைச் சித்தியே தைத்துக் கொடுத்தாள். ஸ்க்ரூ 700, சீலர் 900. மொத்தம் 18,000. என் கணக்கைவிட 6,000 அதிகம், வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் 65,000 எங்கே, இது எங்கே!

எடை விஷயத்தை இவ்வளவு கீழே தள்ளியிருக்கக் கூடாது. ஆரல்வாய்மொழியில் வண்டி ஆடியதற்குக் காற்று மட்டும் காரணம் இல்லை. பழைய கட்டிலுக்கு அடியில், அச்சுக்குப் பின்னால், 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஏறக்குறைய 50 கிலோ பேட்டரி, 18 எம்எம் பலகைப் பெட்டி எல்லாம் இருந்தன. பின்னால் கனத்தால், பொலேரோவில் மாட்டுகிற முன் கொக்கி லேசாகிவிடும், வால் ஆடும். கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். சித்தப்பா உடம்பு எடை பார்க்கும் மெஷினை எடுத்து வந்தார். அதன்மேல் கட்டையை நிறுத்தி, பொலேரோவில் மாட்டும் அதே உயரத்தில் கொக்கியை இறக்கினோம். 800 கிலோ வண்டிக்குக் காட்டியது வெறும் 38. தொட்டியையும் பேட்டரியையும் அச்சுக்கு முன்னால் கொண்டுவந்து, பெரிய பெட்டிக்குப் பதில் 40 கிலோவுக்குள் அடங்கும் புதுக் கட்டில்களைப் பூட்டியபிறகு 92. திரும்பி வரும்போது அதே ஆரல்வாய்மொழி, அதே காற்று. வண்டி கோடு போட்ட மாதிரி வந்தது.

கடைசி இரண்டு ராத்திரி முட்டத்தில். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்துபோனது, கீழே பாறையில் அலை அறைகிற சத்தம் நிற்கவே இல்லை. படுக்கும் முன் அம்மா ஒரு செம்பு தண்ணீர் முழுசாகக் குடித்தாள். 2 மணி இருக்கும், அவள் பாதம் தரையில் படுகிற சத்தம் கேட்டது. கழிப்பறைக் கதவு திறந்து மூடியது. திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். நான் எழுந்திருக்கவே வேண்டியிருக்கவில்லை.

காலையில் சுக்கு காப்பியை ஊதிக்கொண்டே, "தலைமாட்டுல பிடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி இருந்தா நல்லாருக்கும்" என்றாள். காந்தம் ஒட்டும் இடத்தை உடனே பார்த்துவிட்டேன். ஜன்னலுக்கு இடப்பக்கம் 4 அங்குலத்தில் சட்டம் இருக்கிறது, பென்சில் குறியும் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எஸ்எஸ் கைப்பிடி வாங்கி மாட்டிவிடுவேன்.